பக்கத்து சீட் பிரேக்

இல்லம்மா, முதல்ல சீட்ட முன்னாடி இழுத்துக்குங்க, அப்புறமா கண்ணாடி. கண்ணாடிய சரி பண்ணிட்டு சீட்ட இழுத்தா திரும்பவும் கண்ணாடிக்கே வரணும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. இதுக்கெல்லாம் மார்க் குறைக்க மாட்டேன், பதறாதீங்க. பெல்ட் மாட்டியாச்சா? சரி.

பல வருஷமா ஓட்டறீங்களா. இருக்கட்டும். வேற நாட்டு லைசென்ஸ் இங்க செல்லாதுன்னு சட்டம், அத நானா போட்டேன்? போன வாரம் ஒருத்தர் வந்தார். நான் சைக்கிள் கத்துக்கறதுக்கு முன்னாடியே லாரி ஓட்டினவராம். அவரும் இதே சீட்ல உக்காந்து, நான் திருப்புன்னு சொன்ன இடத்துல திருப்பி, நிறுத்துன்னு சொன்ன இடத்துல நிறுத்திட்டுத்தான் போனார்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். நான் பேசிக்கிட்டே வருவேன். நீங்க பதில் சொல்லணும்னு இல்ல, சொல்லாம வந்தா இன்னும் நல்லது. நிஜத்துல வண்டி ஓட்டும்போது பக்கத்துல யாராவது வாய் ஓயாம பேசிக்கிட்டேதானே வர்றாங்க. அதுக்கு நடுவுல ரோட்டப் பாக்கத் தெரியுதான்னு பாக்கணும் இல்லையா. இன்னொண்ணு, இதோ என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு பாருங்க. உங்க பக்கம் இருக்கறதுக்கு ஜோடி. நான் இத மிதிச்சேன்னா டெஸ்ட் அங்கயே முடிஞ்சுது, பெயில். மிதிக்க வெச்சுடாதீங்க. எனக்கும் அது பிடிக்காது.

கிளப்புங்க. கேட்டத் தாண்டி இடது.

என்ன பேசப் போறேன், வீட்டு விஷயம்தான். வேற என்ன இருக்கு எனக்கு. என் வீட்டுக்காரிக்கு மார்புல ஒரு கட்டி. இல்லம்மா, எடுத்தாச்சு. சின்னக் கட்டிதான், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, அக்குள் பக்கமெல்லாம் பரவலன்னு சொன்னாங்க. இனிமே தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு. அதோட ஒழிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் டாக்டர் ஆரம்பிச்சாங்க, மாத்திரை மட்டும் போதுமா, கீமோவும் வேணுமான்னு தெரிஞ்சுக்க ஒரு டெஸ்ட் இருக்கு, ஜீன் டெஸ்ட்டுன்னு.

ரெண்டாவது கியர்லயே போய்ட்டிருக்கீங்க. வண்டி கத்துது பாருங்க, மாத்துங்க. ம்.

ஜீன்னு ஒரு வார்த்த காதுல விழுந்ததுதான் தாமதம், வீடு ரெண்டுபட்டுப் போச்சு. என் பெரிய மச்சான் போன் போட்டு, எங்க பரம்பரையிலயே இந்த வியாதி கிடையாது மாப்பிள்ள, நல்லா விசாரிங்கன்னார். என்னமோ அவர் தங்கச்சிக்கு நான் கடையில போய் வாங்கிட்டு வந்து குடுத்த மாதிரி. மச்சினி பொட்டியத் தூக்கிட்டே வந்துட்டா. என்னையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கன்னு ஒரே அழுகை. என் மக, அப்ப எனக்கும் வருமாப்பான்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்.

போய்க் கேட்டா, அது வேற இது வேறன்னுட்டாங்க டாக்டர். அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற ஜீன் ஒரு கத. இது, வெட்டி எடுத்த கட்டிக்குள்ள எந்த ஜீன் எவ்வளவு வேல பாக்குதுன்னு அளக்கறது. குடும்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கட்டிய மெழுகுல பதிச்சு வெச்சிருக்காங்களாம். அதுல வெங்காயத் தோலு கணக்கா மெல்லிசா சீவி எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினாங்க.

எனக்கு எதையும் என் பாஷையில மாத்திக்கிட்டாத்தான் மண்டையில ஏறும். அதனால இப்படி வெச்சுக்கிட்டேன். ஆக்சிலேட்டர் எல்லா வண்டியிலயும் இருக்கு. இருக்கறது ஒரு குத்தம் இல்ல. எவ்வளவு அழுத்தி மிதிச்சிருக்குங்கறதுதான் விஷயம். சில கட்டியில அந்த ஜீனெல்லாம் பெருகு பெருகுன்னு அடியோட மிதிச்சுக்கிட்டே இருக்கும். சிலதுல கால எடுத்துட்டு சும்மா உருண்டு போகும். எல்லாத்தையும் அளந்து, கூட்டிக் கழிச்சு, கடைசில ஒரு நம்பர் குடுப்பாங்க. நம்பர் கம்மியா வந்தா மாத்திரை போதும். ஜாஸ்தியா வந்தா கீமோ கட்டாயம்.

கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. பாஸ், பெயில். காலம் பூரா நான் பாத்த வேலதானே இது. ஒருத்தர் வந்து உக்கார்றாங்க, கொஞ்ச நேரம் ஓட்டறாங்க, நான் பக்கத்துல இருந்து பாக்கறேன். இவங்க கையில ரோட்ட நம்பிக் குடுக்கலாமா கூடாதான்னு சொல்றேன். நடுவுல ஒண்ணும் கிடையாது.

ரவுண்டானா வருது. மூணாவது வழி. முதல்ல உள்ள சுத்தறவங்க போகட்டும்... இன்னும் ஒரு வண்டி... இப்பப் போங்க. நல்லாப் போறீங்க.

அந்த நம்பர் வர்ற வரைக்கும் நாங்க இருந்த இருப்ப சொல்ல முடியாது. போன் மணி அடிச்சா நான் எடுக்க மாட்டேன், அவதான் எடுப்பா. எடுத்துட்டு, சோபாவுக்கு உறை தைக்கணுமான்னு கேக்கறாங்கன்னு என்னப் பாத்து சிரிப்பா.

வந்துச்சு. நடுவுல.

ஆமா. கம்மியும் இல்லாம ஜாஸ்தியும் இல்லாம, நட்ட நடுவுல. டாக்டர் ஒரு பேப்பர திருப்பிப் போட்டு படம் வரைஞ்சாங்க. இந்த நம்பர் வந்த பொம்பளைங்க நூறு பேர எடுத்துக்குங்க. மாத்திரை மட்டும் சாப்பிட்டா, பத்து வருஷத்துக்குள்ள அதுல ஒரு பதினாலு பேருக்கு திரும்ப வரலாம். கீமோவும் போட்டா அந்தப் பதினாலு பன்னெண்டாகலாம், பதினொண்ணும் ஆகலாம். ஆகாமயும் போகலாம். நான் கேட்டேன், சரிங்க, அந்த ரெண்டு மூணு பேர்ல இவ ஒருத்தியா இல்லையான்னு. அது தெரியாதுன்னாங்க. அப்ப எது தெரியும்? நூறு பேரப் பத்தித் தெரியும். நான் கட்டிக்கிட்டது நூறு பேரையா?

கோவமா பேசறேன்னு நினைக்காதீங்க. கோவம்தான். ஆனா யார்மேலன்னு தெரியல. அதான் கஷ்டமே. ஆபீஸ்ல ஒருத்தன் தப்புப் பண்ணா அவனத் திட்டிட்டுப் போயிடலாம். இங்க லேபு சரியா அளந்திருக்கு, டாக்டர் சரியா சொல்லிருக்காங்க, பேப்பர்ல வரைஞ்ச படமும் சரி. எல்லாரும் சரியா இருக்காங்க, நான் யாரப் போய் கடிக்கறது.

வயசு வேற ஒரு பஞ்சாயத்து. அம்பது தாண்டினவங்களா இருந்தா இந்த நம்பருக்கு கீமோ வேண்டாம்னே சொல்லிடுவேன், அம்பதுக்குக் கீழ இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம்னு தோணுதுன்னாங்க டாக்டர். அவளுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல அம்பது. ரெண்டே மாசம். அவ என்ன கேட்டா தெரியுமா டாக்டர? அந்தக் கட்டிக்கு என் பொறந்தநாள் தெரியுமான்னு கேட்டா. டாக்டருக்கே சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிக்கல. எனக்கு அங்க எது வேடிக்கன்னே புரியல.

அந்த மினி பஸ்ஸத் தாண்ட வேண்டாம், பின்னாடியே போங்க. அவன் திடீர்னு நிறுத்துவான். பாத்தீங்களா, சொன்னேன்ல. தூரம் விட்டு வந்தீங்க, அதனால தப்பிச்சீங்க. நல்லது.

அவ இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேல பாக்கறா. கல்யாணத்துக்கு முன்னாடியே சேந்தது. யாருக்கு எவ்வளவு பிரீமியம்னு தீர்மானிக்கற பிரிவு. அவளுக்கு இந்த நூறு பேரு கதையெல்லாம் தண்ணி பட்ட பாடு. வீட்டுக்கு வந்ததும் நான் குதிக்கறேன், என்ன டாக்டர் இது, ஒரு வார்த்த சொல்லத் தெரியலன்னு. அவ செருப்பக் கழட்டிக்கிட்டே சொல்றா, இத்தன வருஷமா நான் இதத்தானே பண்ணிட்டிருக்கேன். சிகரெட் பிடிக்கற ஆளு ஒருத்தர் வந்து எதுத்தாப்ல உக்காந்தா, அவர் மூஞ்சி எனக்குத் தெரியாது. ஆயிரம் பேர்ல ஒருத்தர்னுதான் தெரியும். அந்த ஆயிரத்துல அவர் எங்க நிக்கறாருன்னு நான் ஒரு நாளும் கவலப்பட்டதில்ல. இப்ப என்னைய யாரோ ஒரு நூறுல நிக்க வெச்சிருக்காங்க. நிக்கறதுக்குக் கொஞ்சம் நெரிசலாத்தான் இருக்குன்னா.

அவ அப்படித்தான் பேசுவா. எனக்கு அந்த மாதிரி பேச வராது.

அதோ முன்னாடி ஆஸ்பத்திரி வாசல். அங்க ஆம்புலன்ஸ் எந்த நேரமும் வெளிய வரும், அதனால வேகத்தக் குறைச்சு... ஆமா, உங்களுக்கு சொல்லணுமா. பழக்கப்பட்ட ரோடு மாதிரி குறைக்கறீங்க. சரி சரி. நேரா போங்க. உள்ள திரும்ப வேண்டாம்.

இங்கதான் பாக்கறோம். ரெண்டாவது மாடி. எல்லாம் பளிச்சுன்னு இருக்கும், நாற்காலிதான் சரியில்ல. டாக்டர் ரூம்ல நோயாளிக்கு நல்ல நாற்காலி போட்டிருப்பாங்க, கூட வர்றவனுக்கு சுவர் ஓரமா ஒரு பச்ச நாற்காலி. ஒரு கால் குட்ட. நான் அசையும்போதெல்லாம் டக்குனு ஒரு சத்தம். இத்தன தடவ போயிருக்கேன், அந்த டாக்டர் ஒரு வாட்டி கூட என் பக்கம் திரும்பினதில்ல. இல்ல, குறையா சொல்லல. நோயாளிகிட்டதான் பேசணும், கூட வந்தவன்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க போல. நியாயம்தான். சில பேரு பொண்டாட்டிய வாயத் திறக்க விடாம அவனே பேசிட்டிருப்பான், நானே வெளிய உக்காந்து பாத்திருக்கேன். ஆனா எனக்கும் ஒரு மூஞ்சி இருக்கு இல்லையா. இன்னைக்கு தெருவுல என்னப் பாத்தா அந்த டாக்டருக்கு அடையாளம் தெரியாது. பக்கத்துல உக்காந்திருந்தாக் கூடத் தெரியாது.

அங்க உக்காந்திருக்கறப்ப என் வலது காலு ஒரு வேல பண்ணும். டாக்டர் கீமோவுல என்னென்ன ஆகும்னு சொல்லிட்டு வர்றாங்க. முடி கொட்டும், திரும்ப வளந்துடும். விரல் நுனி மரத்துப் போகலாம், அது சில பேருக்கு சரியாகும், சில பேருக்கு ஆகாது. சட்டப் பொத்தான் போட முடியாமப் போகலாம். என் காலு தரையப் போட்டு அழுத்துது. எனக்கே தெரியல. ஷூ முனை வளைஞ்சு போற அளவுக்கு. அவ டாக்டரப் பாத்துக்கிட்டே கைய நீட்டி என் முட்டிமேல வெச்சா. வெளிய வந்தப்புறம் மெதுவா சொன்னா, அங்க உங்களுக்கு பிரேக் இல்லைங்கன்னா.

ஏம்மா வேகம் குறையுது? ரோடு காலியாத்தானே இருக்கு. போங்க.

வேற டாக்டரப் பாக்கலையான்னு கேப்பீங்க. பாத்தோமே. ஒருத்தர், எதுக்கு வம்பு, கீமோவப் போட்டுட்டு நிம்மதியா இருங்கன்னார். இன்னொருத்தர், தேவையில்லாத விஷத்த எதுக்கு உடம்புல ஏத்தணும்னார். ஒண்ணுக்கு ஒண்ணு. முதல் டாக்டரோட சேத்து மறுபடி நடுவுல வந்து நின்னோம். ஊரு பூரா சுத்திட்டு கிளம்பின இடத்துக்கே வந்தாச்சு.

அப்புறம் திரும்ப இந்த டாக்டர்கிட்டயே போனோம். அன்னைக்கு நான் பச்ச நாற்காலியில இருந்து வாயத் திறந்து கேட்டேன். உங்க அம்மாவா இருந்தா என்னங்க பண்ணுவீங்கன்னு. அப்ப கூட அவளப் பாத்துதான் பதில் சொன்னாங்க. என் அம்மாவ நினைச்சுக்கிட்டு நான் சொன்னா அது உங்களுக்கான வைத்தியமா இருக்காது. நீங்க நடுவுல இருக்கீங்க, முடிவு உங்களோடதுன்னு. சொல்லிட்டு பேனா மூடிமேல கட்டவிரல வெச்சு தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. மனசுக்கு சங்கடமா இருந்தா அப்படித் தேய்ப்பாங்க போல. சில பேருக்கு அந்தப் பழக்கம். இப்ப நீங்க கியர் தலைய தேய்க்கற மாதிரி.

சிக்னல். சிக்னல்மா. சிவப்பு.

பரவால்ல. கோட்டுக்கு முன்னாடி நின்னுட்டீங்க. கொஞ்சம் அதிர்ந்துச்சு, அவ்வளவுதான். என் காலு பிரேக்மேலதான் இருந்துச்சு, ஆனா மிதிக்கல. நீங்களேதான் நிறுத்தினீங்க. அதுதான் கணக்கு.

இல்ல. ஒண்ணும் சொல்லாதீங்க. டெஸ்ட் இன்னும் முடியல. ரோட்டப் பாருங்க, என்னப் பாக்காதீங்க.

பச்ச விழுந்துடுச்சு. போங்க. அடுத்த திருப்பத்துல வலது.

நான் என்ன நினைச்சுப் பாத்தேன்னா... எத்தன பேருக்கு நான் பெயில் போட்டிருக்கேன். ஒருத்தர் கண்ணாடி பாக்காம தடம் மாறினார், பெயில். அவர் பாட்டுக்கு ஓட்ட விட்டிருந்தா காலம் பூரா ஒரு நாய்க்குட்டியக் கூட இடிச்சிருக்க மாட்டாரோ என்னவோ. பாஸ் போட்டவங்க மட்டும்? அவங்க எங்க எத இடிச்சாங்கன்னு யாரும் எனக்கு வந்து சொல்றதில்ல. கதவத் திறந்து இறங்கிப் போயிடறாங்க, அடுத்த ஆளு ஏறி உக்கார்றாங்க. நான் சொன்னது சரியா தப்பான்னு தெரிஞ்சுக்காமயே இத்தன வருஷம் நிம்மதியா தூங்கிருக்கேன். இது எனக்கு இப்பத்தான் உறைக்குது. அந்த ஜீன் டெஸ்ட்ட கண்டுபிடிச்சவங்களாவது, எந்த நம்பர் வந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு வருஷக் கணக்கா பின்னாடியே போய்ப் பாத்திருக்காங்க. பாத்துட்டுத்தான் நடுன்னு சொல்றாங்க. நான் யாரு பின்னாடியும் போனதில்ல. அதனாலதான் எனக்கு நடுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல போலிருக்கு.

சரி, கீமோ போடறான்னு வெச்சுக்குங்க. திரும்ப வரல. போட்டதாலதான் வரலையா? போடாட்டியும் வந்திருக்காதா? யாருக்குத் தெரியும். விரல் மரத்தது மட்டும் மிச்சமா இருக்கும். போடலன்னு வெச்சுக்குங்க. வந்துடுச்சு. போட்டிருந்தா வந்திருக்காதா? அதுவும் தெரியாது. எப்படிப் போனாலும் எது சரின்னு கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. இப்படி ஒரு கேள்விய எந்தக் கடங்காரன் கண்டுபிடிச்சான்னு இருக்கு எனக்கு. காலைல பல்லு விளக்கறப்ப போட்டுடலாம்னு தோணுது. வாயக் கொப்புளிச்சு முடிக்கறதுக்குள்ள வேண்டாம்னு தோணுது.

இங்க நிறுத்திப் பாக்கணும். அந்த வெள்ள வேனுக்கும் சிவப்புக் காருக்கும் நடுவுல ரிவர்ஸ்ல விடுங்க. அவசரமில்ல. முன்னாடி போயி... திருப்புங்க... இன்னும்... இப்ப நேர் பண்ணுங்க. ம். ஓரத்துல இருந்து ஒரு கை அகலம். நான் விட்டாக் கூட இவ்வளவு நேரா நிக்காது. பழைய கைதான்.

வெளிய எடுங்க, ஆபீஸுக்குத் திரும்பிடலாம்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு உங்க டெஸ்ட் எனக்கு வந்தது இல்ல. என் கூட வேல பாக்கற ஒருத்தர், நாங்க சோடாபுட்டின்னு கூப்பிடுவோம், அவருக்கு வந்தது. காலைல நீங்க கவுன்டர்ல நின்னுட்டிருந்தீங்க. பையில இருந்து மூக்குக்கண்ணாடிய எடுத்து மாட்டினதும் யாருன்னு தெரிஞ்சுது. எனக்கு கையில இருந்த டீ ஆறிப் போச்சு. சோடாபுட்டிகிட்ட போயி, இவங்கள நான் பாக்கறேன், நீ என் ஆளப் பாருன்னு மாத்திக்கிட்டேன். ஏன்டான்னான். சும்மாதான்னேன்.

வேகம் சரியா இருக்கு. இப்படியே வாங்க.

பேசறது டெஸ்ட்ல ஒரு பகுதியெல்லாம் இல்ல. நானா சொன்னது அது. சட்டப்படி வழி சொல்றதத் தவிர நான் வாயே திறக்கக் கூடாது. நீங்க நினைச்சா மேல புகார் குடுக்கலாம், குடுத்தா நான் மறுக்க மாட்டேன். காலைல எனக்கு இன்னும் மட்டமா ஒரு யோசன இருந்துச்சு. டெஸ்ட் முடிஞ்சு நீங்க ரிசல்ட் என்னன்னு கேப்பீங்க இல்லையா, அப்ப நிதானமா உங்களுக்கு நேரா திரும்பாம, அந்த ஜன்னலப் பாத்துக்கிட்டு, நீங்க நடுவுல இருக்கீங்க, முடிவு உங்களோடதுன்னு சொல்லணும். ரெண்டு தடவ மனசுக்குள்ள சொல்லிக் கூடப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு கேக்கறதுக்கு. அப்புறம் அந்த சிக்னல்ல, நான் யாருன்னு உங்களுக்குப் புரிஞ்சுதுன்னு பாத்தேன். புரிஞ்சும் கோட்டுக்கு முன்னாடி நிறுத்தினீங்க. அதுக்கப்புறம் எப்படி சொல்றது.

கேட்டுக்குள்ள விட்டு அந்த மரத்தடியில நிறுத்துங்க. ஹேண்ட்பிரேக். இன்ஜின அணைங்க.

நீங்க பாஸ். நல்லா ஓட்டறீங்க. நான் பேசினதுக்கும் இந்த மார்க்குக்கும் சம்பந்தமில்ல, வேற யாரு பக்கத்துல உக்காந்திருந்தாலும் இதத்தான் போட்டிருப்பாங்க.

வேண்டாம் டாக்டர், மன்னிப்பெல்லாம் எதுக்கு. நீங்க ஒரு தப்பும் பண்ணல. அதத்தானே வழி பூரா புலம்பிட்டு வந்தேன்.

இல்ல, இப்பவும் உங்க அம்மாவா இருந்தா என்னன்னு கேக்கப் போறதில்ல. அத விட்டுட்டேன். வேற ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் காலைல உங்களப் பாக்க வர்றோம். வழக்கம் போல நல்ல நாற்காலியில அவ உக்காருவா, நீங்க அவளப் பாத்து, என்ன முடிவு பண்ணிருக்கீங்கன்னு கேப்பீங்க. கேக்காதீங்க. அவ ஜன்னல் பக்கம் பாத்துட்டு உக்காந்திருப்பா. போன வாரம் சாப்பாட்டுத் தட்டு கழுவிட்டிருந்தப்ப சொன்னா, எனக்கு யோசிச்சு யோசிச்சு சலிச்சுடுச்சு, நீங்க சொல்லுங்க, போடுன்னா போட்டுக்கறேன், வேண்டாம்னா விட்டுடறேன்னா. நான் எப்படிடி சொல்றது, உன் உடம்புன்னேன். நாளைக்கு எது தப்பாப் போனாலும் என்மேலயே கோவப்பட எனக்குத் தெம்பு இருக்காது, உங்கமேலன்னா பழக்கம்தானேன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. தட்ட என் கையில குடுத்துட்டுப் போயிட்டா.

அதனால என்னப் பாத்துக் கேளுங்க டாக்டர். அந்தப் பச்ச நாற்காலியில இருப்பேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா ஏதாவது ஒண்ணு சொல்லிடுவேன்னு நினைக்கறேன். இப்ப வரைக்கும் எனக்கு என்னன்னு தெரியல.

சாவி வண்டியிலயே இருக்கட்டும். லைசென்ஸ உள்ள கவுன்டர்ல வாங்கிக்குங்க. கதவ கொஞ்சம் பலமா சாத்தணும், இல்லன்னா பிடிக்காது. அடுத்த ஆள வரச் சொல்லுங்க.